சளிக்காய்ச்சலோடு வந்து நிற்காத விக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருப்பவருக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விக்கல் பிடிக்கிறது. தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை, இரவிலும் விடவில்லை. இருமலுக்கு மருத்துவரைத் தேடிப்போகும் நாம், விக்கலுக்குப் போக வெட்கப்படுகிறோம். வெட்கப்பட ஒன்றுமில்லை. சில வேளைகளில் நெஞ்சுக்குள் நடப்பதை முதலில் வெளியே சொல்வது இந்த விக்கல்தான். இதைப் பற்றி நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சாதாரண விக்கல் எது, கவனிக்க வேண்டிய விக்கல் எது?

மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை 48 மணி நேரம். அதற்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. 48 மணி நேரத்தைத் தாண்டினால் அது நீடித்த விக்கல். ஒரு மாதத்தையும் தாண்டினால் தீராத விக்கல் என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். இடையில் சில மணி நேரம் நின்று மறுபடி தொடங்கினாலும், தொடங்கிய நாளிலிருந்தே கணக்கு வையுங்கள். ‘மத்தியானம் இல்லையே’ என்று ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணத் தொடங்கினால், ஒரு வாரம் கழிந்த பிறகுதான் மருத்துவரிடம் போய்ச் சேருவீர்கள்.

விக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தகடு உதரவிதானம். நாம் மூச்சிழுப்பதே அது கீழே இறங்குவதால்தான். அந்தத் தசை நம்மைக் கேட்காமல் திடீரென்று சுண்டி இழுக்கிறது. விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளும் கூடவே இழுக்கின்றன. காற்று உள்ளே பாயத் தொடங்கி ஏறத்தாழ 35 மில்லி செக்கண்டுக்குள் குரல்வளையின் வாய் படாரென்று மூடிக்கொள்கிறது. அந்த மூடலின் ஓசைதான் ‘விக்’. நிமிடத்துக்கு 4 முறையிலிருந்து 60 முறை வரை இது நடக்கலாம். பெரும்பாலும் உதரவிதானத்தின் இடப்பாதிதான் அதிகமாகச் சுண்டும்.

இதை நடத்துவது ஒரு நரம்புச் சுற்று. தொண்டை, நுரையீரல், இரைப்பை ஆகியவற்றிலிருந்து செய்தி கொண்டுபோவது வேகஸ் நரம்பு. உதரவிதானத்திலிருந்து செய்தி கொண்டுபோவதும், திரும்ப அதற்கு ஆணை கொண்டுவருவதும் ஃபிரீனிக் நரம்பு. இரண்டுக்கும் நடுவே, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு இருக்கிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் உறுத்தல் ஏற்பட்டாலும் விக்கல் வரும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கின்றன.

நுரையீரலில் புகுந்த வைரஸ் ஏன் விக்கலைக் கிளப்ப வேண்டும்?

ஃபிரீனிக் நரம்பு போகும் வழியைப் பாருங்கள். கழுத்தில் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையிலான தண்டுவட நரம்புகளிலிருந்து அது புறப்படுகிறது. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தின் உறையை ஒட்டி ஓடி, உதரவிதானத்தில் முடிகிறது. வைரஸ் நிமோனியா பெரும்பாலும் நுரையீரலின் ஓரங்களையும் அடிப்பகுதியையும் பிடிக்கிறது. நுரையீரலின் அடி உட்கார்ந்திருப்பதே உதரவிதானத்தின் மேல்தான். அங்கே அழற்சி உண்டாகி நுரையீரலின் உறை வரை பரவினால், உதரவிதானமும் அதன் நரம்பும் உறுத்தப்படுகின்றன. அதே நரம்பு கழுத்திலிருந்து வருவதால் சிலருக்கு விக்கலோடு தோள்பட்டை நுனியிலும் வலி இருக்கும். தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வலியின் மூலம் விலாவுக்கு உள்ளே இருக்கும்.

வேறு வழிகளும் உண்டு. ஓயாமல் இருமுகிறவர் காற்றை விழுங்குகிறார், வயிறு உப்புகிறது. இருமலின் அழுத்தத்தில் இரைப்பை அமிலம் மேலே எதுக்களித்து உணவுக்குழாயைச் சுடுகிறது. இரண்டுமே வேகஸ் நரம்பை உசுப்பும். இறுக்கமான முகமூடி வழியாக அழுத்தத்தோடு ஆக்ஸிஜன் பெறுகிறவர்களுக்கும் வயிற்றில் காற்று சேரும். நிமோனியா வந்தவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைவதுண்டு. சோடியம் குறைந்தாலும் விக்கல் வரும். அரிதாக, வைரஸால் எழும் அழற்சி மூளைத்தண்டையே தொட்டுவிடுகிறது. அப்போது விக்கலோடு நிற்காத வாந்தியும் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

கோவிட் காலத்தில் இது உண்மையிலேயே பார்க்கப்பட்டதா?

ஆம். 2020-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள குக் கவுண்டி பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 62 வயதுள்ள ஒருவர் வந்தார். நான்கு நாட்களாக விக்கல். முக்கிய முறையீடே அதுதான். இருமல், மூச்சுத்திணறல் என்று அவர் எதையும் சொல்லவில்லை. மருத்துவர்கள் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் மாற்றங்கள் தெரியவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் திட்டுத் திட்டாக மங்கலான படலம். மருத்துவமனையில் இருக்கும்போதே காய்ச்சலும் ஏறியது. பரிசோதனையில் கோவிட் உறுதியானது. சிகிச்சைக்குப் பிறகு நலமாக வீடு திரும்பினார். இந்த விவரம் அவசர மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானபின், வேறு நாடுகளிலிருந்தும் இதுபோன்ற அறிக்கைகள் வந்தன. கோவிட் நோயாளிகளில் மிகச் சிலருக்கே நீடித்த விக்கல் வந்தது. அவர்களில் ஆண்கள் அதிகம். எந்தக் காரணத்தால் வரும் நீடித்த விக்கலும் பெண்களைவிட ஆண்களிடமே, அதிலும் வயதான ஆண்களிடமே, அதிகம் காணப்படுகிறது.

அந்தச் சிகாகோ நோயாளியின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது எக்ஸ்ரே. விக்கலுக்கு ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தால், நிமோனியாவோடு வீட்டுக்குப் போயிருப்பார். வீட்டாருக்கும் தொற்றைக் கொடுத்திருப்பார்.

இது கோவிட்டோடு வந்த புதுமையா?

இல்லை. 1918-இன் பெரும் இன்ஃப்ளூயன்சாவை அடுத்த ஆண்டுகளில் வியன்னா, பாரிஸ் போன்ற ஐரோப்பிய நகரங்களில் பலருக்கு ஒரே காலத்தில் நாட்கணக்கில் விக்கல் வந்ததை அக்கால மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ‘கொள்ளை விக்கல்’ என்றே பெயரிட்டார்கள். அப்போது பரவிக்கொண்டிருந்த உறக்க மூளைக்காய்ச்சலோடு அதைத் தொடர்புபடுத்தியவர்கள் உண்டு. காரணக் கிருமி எது என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை.

மருத்துவர் கொடுத்த மருந்தே விக்கலை உண்டாக்குமா?

உண்டாக்கும். பலரும் கேட்காமல் விடுகிற, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு விக்கலைத் தூண்டுவது புற்றுநோய்ப் பிரிவுகளில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அங்கே வாந்தியைத் தடுக்க அதைக் கொடுப்பார்கள். மறுநாள் சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, விக்கல் பிடித்துக்கொள்ளும். 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் பத்து நாள் வரை கொடுத்தால் ஆக்ஸிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளிடையே இறப்பு குறைகிறது என்று காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பின் உலகம் முழுவதும் அந்த மருந்து வார்டுகளுக்குள் வந்தது. கூடவே விக்கலும் வந்தது.

அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை நம் ஊர்களில் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பயன் எதுவும் தெரியவில்லை. இருந்தும் லேசான காய்ச்சலுக்கே மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெயர் எழுதாத சிறு காகித உறையில் நான்கு நிற மாத்திரைகளைப் போட்டு ‘காலையில் ஒரு செட், ராத்திரி ஒரு செட்’ என்று கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்குள் எது ஸ்டீராய்டு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விக்கல் வந்து மருத்துவரிடம் போனால் அவருக்கும் தெரியாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயரை அறிவது உங்கள் உரிமை.

ஸ்டீராய்டு தவிர, அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியாலும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் விக்கல் வந்ததாகப் பதிவுகள் உள்ளன.

அப்படியானால் ஸ்டீராய்டை நானே நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஆக்ஸிஜன் குறைந்து உண்மையிலேயே தேவைப்பட்டவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. பல நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் ‘மருந்து தொடங்கிய பிறகுதான் விக்கல் வந்தது’ என்று சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற வேறொரு ஸ்டீராய்டுக்கு மாற்றலாம், அல்லது இன்னும் இரண்டு நாளில் மருந்து முடிகிறது என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். மருந்து மாறியதும் விக்கல் அடங்குவது பல நோயாளிகளிடம் கண்ட உண்மை.

வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

முதல் இரண்டு நாளில், மூச்சுத்திணறல் இல்லாதவர் சிலவற்றைச் செய்து பார்க்கலாம். குளிர்ந்த நீரை நிறுத்தாமல் சிறு சிறு மிடறாகக் குடிப்பது, தொண்டையில் படும்படி கொப்பளிப்பது, நாக்கின் மேல் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை வைத்து உலர்வாகவே விழுங்குவது, உட்கார்ந்து முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்வது போன்றவை. எல்லாமே தொண்டையிலோ உதரவிதானத்திலோ ஓர் எதிர்த் தூண்டலைக் கொடுத்து அந்த நரம்புச் சுற்றை இடைமறிக்கும் முயற்சிகள். சர்க்கரை வைத்தியம் நம் பாட்டிகளோடு நிற்கவில்லை. 1971-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 19 பேருக்கு நின்றதாக எழுதியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீரிழிவு இருப்பவர்கள், அதிலும் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இதைச் செய்ய வேண்டாம். ஸ்டீராய்டே சர்க்கரை அளவை ஏற்றிவிடும்.

மூச்சைப் பிடித்து நிறுத்துவது சாதாரண விக்கலுக்குச் சரி. நுரையீரல் தொற்று இருப்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் பைக்குள் மூச்சு விடுவதும் கூடவே கூடாது. மூடிய கண்களை அழுத்துவது, கழுத்து இரத்தக்குழாயைத் தேய்ப்பது என்று சிலர் காட்டும் உத்திகள் முதியவர்களின் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கக்கூடியவை, தவிர்த்துவிடுங்கள். பின்னாலிருந்து திடுக்கிட வைப்பதால் பயனில்லை. காய்ச்சலில் கிடப்பவரிடம் அது கொடுமை.

திப்பிலி, சீரகம், தேன்? மயிலிறகுச் சாம்பல்?

திப்பிலியும் சீரகமும் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது விக்கலுக்குச் சித்த மருத்துவம் பன்னெடுங்காலமாகச் சொல்லிவரும் மருந்து. சிறிய அளவில், ஓரிரு நாள், பெரியவர்களுக்குக் கொடுப்பதில் தவறு காணவில்லை. நெஞ்செரிச்சல் இருப்பவருக்குத் திப்பிலியின் காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. மயிலிறகு மருந்தை முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் வாங்குங்கள். கடையில் வாங்கிய இறகை வீட்டில் எரித்துக் கொடுக்காதீர்கள். எதைக் கொடுத்தாலும் 48 மணி நேரக் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

நோயாளிக்கு விக்கல் வந்தால் முடிவு நெருங்குகிறது என்கிறார்களே பெரியவர்கள்?

இந்தப் பேச்சை நோயாளியின் காதுபடப் பேசாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்து, உடலில் கழிவு தேங்கி, கடைசி நாட்களில் விக்கல் வருவதை அந்தக் காலத்தில் வீட்டிலேயே பார்த்தவர்கள் நம் பெரியவர்கள். அச்சம் அங்கிருந்து வந்தது. வைரஸ் காய்ச்சலோடு வரும் விக்கல் வேறு. காரணத்தைக் கண்டு சிகிச்சை அளித்தால் பெரும்பாலானோருக்கு நின்றுவிடுகிறது.

எந்த அறிகுறி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினால், பேசும்போதே மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். விக்கும்போது விரல் அசைவதால் கருவி தவறாகக் காட்டலாம். கையை மேசைமேல் வைத்து ஒரு நிமிடம் பொறுத்து, எண் ஒரே நிலையில் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள்.

விக்கலோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மேல் வயிற்றில் வலி சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருப்பதால், அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும்போது விக்கல் வருவதுண்டு. திடீர்த் தலைசுற்றல், நடை தள்ளாட்டம், விழுங்கும்போது புரையேறுதல், முகத்தில் ஒரு பக்க மரத்துப்போதல், குரல் கரகரப்பு ஆகியவை விக்கலோடு சேர்ந்தால் மூளைத்தண்டில் பக்கவாதமாக இருக்கலாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். 2021 ஜூலையில் அப்போதைய பிரேசில் அதிபர் ஜயிர் போல்சொனாரோ பத்து நாளுக்கும் மேலாக விக்கலோடு இருந்து மருத்துவமனையில் சேர்ந்தபோது வெளிப்பட்டது குடல் அடைப்புதான். சளிக்காய்ச்சல் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், அப்போது ஊரில் பரவும் வைரஸுக்கான பரிசோதனை. இவற்றில் தெளிவு கிடைக்காவிட்டால், அல்லது எக்ஸ்ரேயில் சந்தேகம் இருந்தால், நெஞ்சு சி.டி. நரம்பு சார்ந்த அறிகுறி இருந்தால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. காதுக்குள்ளும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதில் இருக்கிறது. செவிப்பறையை உரசும் ஒரு முடி விக்கலுக்குக் காரணமாக இருந்த நோயாளிகளும் உண்டு.

விக்கலை நிறுத்த என்ன மருந்து கொடுப்பார்கள்?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விக்கலுக்கென்று ஒப்புதல் அளித்த மருந்து குளோர்புரோமசின். மனநலச் சிகிச்சையிலும் பயன்படுவது. இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். எழுந்து நிற்கும்போது மயக்கம் வரும். இதயத்தின் மின்னோட்டத்தையும் பாதிக்கும் என்பதால், அசித்ரோமைசின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஈசிஜி பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். இப்போது பலர் முதலில் கையில் எடுப்பது தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் அல்லது நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் கேபாபென்டின். பேக்லோஃபென் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு உடம்பில் தேங்கி நினைவையே மங்க வைத்துவிடும். கேபாபென்டின் தூக்கத்தைக் கூட்டி, நுரையீரல் நோயாளிகளின் மூச்சை மந்தமாக்கலாம். வயிறு உப்பல் முக்கியக் காரணமென்றால் இரைப்பையை விரைவாகக் காலியாக்கும் மெட்டோகுளோபிரமைடு. எதுக்களிப்பு என்றால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ஆனால்’ இருப்பதைக் கவனித்தீர்களா? போன வருடம் மாமாவுக்குக் கொடுத்த சீட்டை வைத்து அப்பாவுக்கு வாங்காதீர்கள்.

தூங்கும்போது விக்கல் நின்றுவிடுகிறது. மனம்தான் காரணமா?

அப்படி முடிவு கட்ட முடியாது. தூக்கத்திலும் தொடரும் விக்கலுக்கு உடல்சார்ந்த காரணம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. தூங்கும்போது நிற்பதால் மட்டும் அது மனத்தின் வேலை ஆகிவிடாது.

சாப்பிட முடியவில்லை, தூக்கமும் இல்லை. எப்படிப் பார்த்துக்கொள்வது?

இட்லி விள்ளலை வாயருகே கொண்டுபோகும்போது ஒரு விக்கல். மெல்லும்போது இன்னொன்று. விழுங்கும் நேரத்தில் வந்தால் புரையேறி, இருமி, கண்ணில் நீர் முட்டுகிறது. நான்கு வாய் போவதற்குள் தட்டைத் தள்ளிவிடுகிறார். ‘சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்’ என்று குறைப்படாதீர்கள்; அவருக்குச் சாப்பிடவே அச்சம்.

நேராக உட்கார வையுங்கள். விக்கல் இடைவெளி நீளும் நேரம் எது என்று ஒரு நாள் கவனித்தால் தெரியும். அந்த நேரத்தில் கொடுங்கள். குழைவான கஞ்சி, ரசம் சாதம், தயிர் சாதம் எனக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறேழு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வைத்தால் விக்கல் கூடும். சோடா, காரம், கொதிக்கும் சூட்டில் காபி வேண்டாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் படுக்க விடாதீர்கள். படுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக, குறைவாகப் போனால் நீர் போதவில்லை என்று பொருள்.

இரண்டு இரவு தூங்காதவர் எரிந்து விழுவார். கூட இருப்பவரும் தூங்கியிருக்கமாட்டார். முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குச் சளியோடு விக்கல் வந்தால்?

கைக்குழந்தைகளுக்கு விக்கல் இயல்பு. விக்கலை விட்டுவிட்டு மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

காய்ச்சல் தொடங்கிய தேதி, விக்கல் தொடங்கிய தேதியும் நேரமும், இடையில் எடுத்த எல்லா மருந்துகளின் அட்டைகளும், நாட்டு மருந்து உட்பட. விக்கும்போது அரை நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் உட்காரும் நேரத்தில் விக்கல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆக்ஸிஜன் அளவைக் காலை, மாலை எழுதிய தாள் இருந்தால் இன்னும் நல்லது. விக்கல் மருந்து தொடங்கியபின் எத்தனை நாளில் குறையவில்லை என்றால் திரும்பி வர வேண்டும் என்று அங்கேயே கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.